அரசனுக்கு வசனம் இல்லாத இடம்

அவைக்கு அணியாகவும் ஆரவாரத்துக்கு அணையாகவும் நடுவே வீற்றிருக்கும் தலைவர் அல்ஹாஜ் சாஹுல் ஹமீது அவர்களே! எனக்கு முன்னே பேசி இந்த மேடையை மலர்வனமாக்கிவிட்டு இறங்கிய கவிஞர் அத்தாஉல்லா அவர்களே! கற்பிட்டியிலிருந்து காற்றோடும் புத்தளத்திலிருந்து புழுதியோடும் வந்து, முன்வரிசைக் கதிரைகளை நிறைத்திருக்கும் பெரியோர்களே! உலை இறக்கி, பிள்ளைக்கு ஊட்டி, மாமிக்கு மருந்து கொடுத்து, மாட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்ததால் பின்வரிசையே கிடைத்த தாய்மார்களே! தில்லையடியிலிருந்து ஒரே லொறியில் வந்திறங்கிய சகோதரிகளே! வாசலருகே நின்று, நாங்கள் பேசுவதை எங்களைவிட அக்கறையாகக் கேட்டுக்கொண்டிருக்கும் பொலிஸ் தம்பிமாரே! அனைவருக்கும் உடப்புக் கடற்கரையின் உப்புக் கலந்த வணக்கம். ஸலாம் சொல்ல வேண்டியவர்களுக்கு என் ஸலாம்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு 'புனைவில் பெண்மையின் மாண்பு'. தந்த குழுவில் இருந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். மாண்பு எவ்வளவு என்று அவர்களே நிறுத்து வைத்துவிட்டு, சரியாக இருக்கிறதா என்று பார்க்க என்னை அழைத்திருக்கிறார்கள். நன்றி.

கவிஞர் சொன்னார், கதையில் வரும் பெண் நம் வீட்டுப் பெண்ணின் நிழல் என்று. அழகான வார்த்தை. அதை நான் மறுக்க வரவில்லை. ஆனால் நிழல் முன்னே நடக்க ஆள் பின்னே நடந்த ஒரு சங்கதி எனக்குத் தெரியும். அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

என்ன, கேட்கவில்லையா? மைக்கைக் கொஞ்சம் கிட்ட இழுக்கட்டுமா? இப்போது? ஓம், சரி.

எங்கள் ஊர் ஆடித் திருவிழாவில் வருடாவருடம் ஒரு கூத்து நடக்கும். பெயர் 'உத்தமி சந்திரவதனி'. பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மணிமார்பன் என்ற அரசன். அவனுடைய மனைவி சந்திரவதனி. மந்திரி கோள் மூட்டுகிறான். அரசன் அவளைக் காட்டுக்குப் போகச் சொல்கிறான். "என் பிழை என்ன மன்னா?" என்று அவள் கேட்கிறாள். அரசன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். உடனே அவள் அழத் தொடங்குகிறாள். அழுகிறாள், அழுகிறாள், பாட்டுக்கு மேல் பாட்டாக அழுகிறாள். கடைசியில் உண்மை வெளிவருகிறது. அரசன் மன்னிக்கிறான். அவன் செய்த பிழைக்கு அவளை மன்னிக்கிறான். அவள் அவன் காலைத் தொட்டு வணங்குகிறாள். மங்களம்.

இந்தச் சந்திரவதனியாக வருடக்கணக்காக வேஷம் கட்டியவர் வீரகத்தி. கரைவலை இழுக்கிற மனிதர். தோள் இரண்டும் தோணிப் பலகை மாதிரி இருக்கும். திருவிழாவுக்குக் கொடியேறினால் மீசையை எடுப்பார், கொடி இறங்கினால் வளர்ப்பார். ஆனால் அவர் அழுகிற அழுகை இருக்கிறதே! மணலில் இருக்கிற சனம் முழுவதும் சேர்ந்து அழும். மாமிமார் மருமக்களின் தோளைத் தட்டி, "பார் பிள்ளை, பொம்பிளை எண்டா அப்பிடி இருக்கவேணும், பார்த்துப் பழகு" என்பார்கள். யாரைப் பார்த்து? நெஞ்சில் மயிர் முளைத்த வீரகத்தியைப் பார்த்து. நடை வீரகத்தியிடம், நாணம் வீரகத்தியிடம், அடக்கம் வீரகத்தியிடம், அழுகை வீரகத்தியிடம். எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் பெண்மையைக் கற்றுக்கொடுத்தவர் வீரகத்திதான். இதை நான் பகிடிக்காகச் சொல்லவில்லை. நானும் சிறு வயதில் அவரைப் பார்த்துத்தான் தலை குனியப் பழகினேன்.

மேடையில் பெண் ஏறக்கூடாது என்பது எங்கள் அண்ணாவியார் கதிரவேலுவின் சட்டம். கூத்தைப் பழக்கி நடத்துகிறவர் அவர், அவர் சொன்னால் சொன்னதுதான். ஆனால் கூத்து எழுதிய பழைய கொப்பியை வாசிக்க ஒருவரும் இல்லாததால், திரைக்குப் பின்னே இருந்து வசனம் எடுத்துக் கொடுக்கப் பாக்கியம்மா டீச்சரைக் கூப்பிட்டார். அதாவது என்னை. திரைக்கு முன்னே பெண் வரக்கூடாது, திரைக்குப் பின்னே பெண் இல்லாமல் கூத்து நடக்காது. சபையோர் இதை எந்த இடத்தோடு வேண்டுமானாலும் பொருத்திப் பார்க்கலாம்.

வீரகத்தியின் மனைவி தவமணி. மீன் வியாபாரம். விடிந்ததும் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவாள். இங்கே முந்தல் சந்தையில் விற்பாள், மிஞ்சினால் சிலாபம் போவாள். தமிழும் சிங்களமும் ஒரே மூச்சில் வரும். குரல் இந்த மைக்கை விடப் பெரியது. ஊரிலே என்ன சொன்னார்கள் தெரியுமா? "வீரகத்திக்கு இருக்கிற அடக்கம் அவன்ட பொஞ்சாதிக்கு இல்லையே" என்றார்கள். அவளுடைய காதில் படும்படியாகவே சொன்னார்கள். அவளோ வருடத்துக்கு ஒருமுறை தன்னுடைய கூறைச் சேலையை எடுத்து, கொசுவம் பிடித்து, புருஷனுக்குக் கட்டிவிடுவாள். கூத்துக்காரரிடம் அதைவிட நல்ல சேலை இல்லை. கலியாணத்துக்குப் பிறகு அந்தச் சேலையை அதிகம் உடுத்தியவர் வீரகத்திதான்.

சிரிக்காதீர்கள் தங்கச்சி, இனித்தான் சங்கதி வருகிறது.

போன வருடத்துக்கு முந்திய ஆடி மாதம். சண்டைக் கால நிலைமை உங்களுக்குத் தெரியும். எந்தப் பாதையில் எந்தப் பயணம் எங்கே நிற்கும் என்று ஒருவருக்கும் தெரியாத காலம். இரவில் கூத்துப் போட அனுமதி இல்லை, பகலில் போடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வெயிலில் பூச்சு வழியும், பார்க்கிறவர்கள் குடை பிடிக்க வேண்டும், பரவாயில்லை, அம்மனுக்கு நேர்ந்தது நடக்க வேண்டும் என்று அண்ணாவியார் ஒத்துக்கொண்டார். சந்திரவதனியின் டோப்பா முடி பிய்ந்துபோயிருந்தது. அதைத் தைத்துவர அண்ணாவியாரும் வீரகத்தியும் சிலாபம் போனார்கள். புது முடியோடு பொருந்துகிறதா என்று பார்க்க, முழு உடுப்பையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போனார் வீரகத்தி.

திரும்பி வரும்போது சோதனைச்சாவடி. எல்லோரும் இறங்கினார்கள். பையைத் திறந்தார்கள். உள்ளே ஒரு பட்டுச் சேலை. ஒரு ரவிக்கை. ரவிக்கைக்குள் வைக்கப் பழந்துணி உருண்டை இரண்டு. வளையல், பவுடர், உதட்டுச் சாயம். அடியில் இடுப்பளவு நீளத்தில் ஒரு கூந்தல்.

"இது யாருடையது?" என்று சிங்களத்தில் கேட்டார்கள்.

வீரகத்தி பொய் சொல்லத் தெரியாதவர். சிங்களமும் அதிகம் தெரியாதவர். அவருக்குத் தெரிந்த ஒரு சொல்லைச் சொன்னார். "மகே." என்னுடையது.

"சேலை?"

"மகே."

"ரவிக்கை?"

"மகே."

"கூந்தல்?"

"மகே."

சபையோரே, வேஷம் மாறி ஆட்கள் திரிகிறார்கள் என்று அவர்களுக்குத் தகவல் வந்திருந்த காலம் அது. கூந்தலோடு அகப்பட்ட ஆம்பிளையை அவர்கள் சும்மா விடுவார்களா? கையைப் பின்னால் கட்டிக் கொண்டுபோனார்கள். எந்த முகாம் என்று நான் சொல்லமாட்டேன். தம்பிமாருக்கு வீணாக வேலை வைக்கக்கூடாது.

அண்ணாவியார் கதிரவேலு என்ன செய்தார்? அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. வேறு பக்கம் பார்ப்பதும் இந்தக் காலத்தில் ஒரு கலை. பஸ்ஸில் ஏறி நேரே முந்தல் சந்தைக்கு வந்து, தவமணியின் முன்னால் நின்று, "தங்கச்சி, உன்ட மனுசனைப் பிடிச்சிட்டானுகள்" என்றார்.

தவமணி ஒரு பாரைக் குட்டியை அரிந்துகொண்டிருந்தாளாம். மிச்சத்தையும் அரிந்து, வாங்க வந்தவளின் பையில் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு எழும்பினாள். கூடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் ஒப்படைத்தாள். "வாங்க அண்ணாவியார்" என்றாள்.

முகாம் வாசலில் அண்ணாவியார் நின்றுவிட்டார். உள்ளே போகிற ஆம்பிளை திரும்பி வருவான் என்று ஒரு நிச்சயமும் இல்லை, அதனால் அங்கேயே நின்றார். ஆனால் நல்ல புத்தி சொன்னார். "தங்கச்சி, உள்ளுக்குப் போன உடனே விழுந்து அழு. தலைமயிரை அவிட்டுவிடு. சந்திரவதனி அரசன்ட காலைப் பிடிக்கிற இடம் இருக்குதல்லா? அதே மாதிரிப் பிடி. கல்லும் கரையும்."

தவமணி சொன்னாளாம்: "அழுதா எனக்குக் கதை வராது அண்ணாவியார்."

உள்ளே மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி. வயது அதிகமில்லை. தூக்கம் இல்லாத கண். தவமணி நின்றபடியே சிங்களத்தில் சொன்னாள், "மாத்தயா, காலையில பஸ்ஸில பிடிச்ச ஆள் என்ட புருஷன். கோயில் கூத்தில பொம்பிளை வேஷம் கட்டுறவர். அந்தச் சேலை என்ட கூறைச் சேலை. அவரையும் தாங்க, சேலையையும் தாங்க."

அதிகாரி அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீ அவனுடைய மனைவியா?"

"ஓம் மாத்தயா."

"பிறகு ஏன் அழவில்லை?"

தவமணிக்கு விளங்கவில்லை.

"இங்கே தினமும் பெண்கள் வருகிறார்கள்" என்றார் அதிகாரி. "மனைவி வந்தால் அழுவாள். தாய் வந்தால் அழுவாள். அழாமல் நேராக நின்று கதைக்கிறவளை யாரோ பழக்கி அனுப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். உன்னை அனுப்பியது யார்?"

கேட்டீர்களா சபையோரே? அவள் பயப்படவில்லை என்பது குற்றம். அவள் விழவில்லை என்பது குற்றம். அவள் விளக்கமாகக் கதைத்தது குற்றத்திலும் குற்றம். அந்த அதிகாரி எங்கள் கூத்தைப் பார்த்தவர் இல்லை. அவருடைய ஊரிலும் ஒரு கூத்து இருந்திருக்கும். அங்கேயும் ஒரு வீரகத்தி அழுதிருப்பார். மொழி வேறு, மதம் வேறு, துவக்குப் பிடித்த பக்கம் வேறு. மனைவி என்றால் என்ன என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து!

அவளுடைய அடையாள அட்டையை வாங்கி மேசை இலாச்சிக்குள் போட்டார்கள். வெளியே கம்பிக்கு அப்பால் நின்ற அண்ணாவியார் இரண்டு விரலால் கன்னத்தில் கோடு இழுத்துக் காட்டினார், அழு, அழு என்று. அவளும் முயன்றுதான் பார்த்தாளாம். செத்துப்போன தாயை நினைத்தாளாம். கடலில் போன தமையனை நினைத்தாளாம். வரவில்லை. பிறகு சொன்னாள், "மாத்தயா, நான் அழுதா நீங்க பாவம் எண்டு நாளைக்கு வரச்சொல்லி அனுப்பிப்போடுவீங்க. அழாம நிண்டா இண்டைக்கே ஒரு பதில் சொல்லத்தானே வேணும்."

தலைவர் மணியைத் தொட்டுப் பார்க்கிறார். அடிக்கவில்லை, தொட்டுத்தான் பார்க்கிறார். கொஞ்சம் பொறுங்கள் ஹாஜியார், அந்த மனிதரை முகாமில் விட்டுவிட்டு நான் எப்படி இறங்குவது?

வீரகத்தியைக் கொண்டுவந்தார்கள். உதடு வீங்கியிருந்தது. "கூத்தாடி என்றால் ஆடிக் காட்டு" என்றார் அதிகாரி. பையை அவர் முன்னால் கொட்டினார்கள். சுற்றிவர நின்ற பொடியன்கள் சிரித்தார்கள். வீரகத்திக்குச் சேலை பிடிபடவில்லை. தவமணி ஒருவரிடமும் கேட்கவில்லை, போய்க் குனிந்து சேலையை எடுத்தாள். ஒவ்வொரு வருடமும் கட்டுகிற மாதிரியே கட்டினாள். "வயித்தை உள்ளுக்கு எடுங்க" என்றாள். ஊசி குத்தினாள். முடியை வைத்தாள்.

வீரகத்தி அழுதார். ஐயா, அம்மா, அந்த வருடத்துச் சந்திரவதனி அழுகை முழுவதையும் அங்கேயே அழுதுவிட்டார். எது பாட்டு, எது பயம் என்று அவருக்கே தெரியாது என்று பிறகு என்னிடம் சொன்னார். விழுந்தார், புரண்டார், மேசைக் காலைப் பிடித்தார். சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்தவில்லை. ஆனால் அதிகாரி கூர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு வீரகத்தியைக் காட்டிச் சொன்னார்: "சரி. இதுதான் மனைவி. இவன் கூத்தாடிதான், போகலாம்." தவமணியைக் காட்டினார். "இவள் நிற்கட்டும். இவளை விசாரிக்க வேண்டும்."

நன்றாகக் கேளுங்கள். பெண்ணாக நடித்துக் காட்டியதால் ஆண் விடுதலை. பெண்ணாக இருந்தும் நடித்துக் காட்டாததால் பெண் காவலில்!

போகச் சொன்ன வீரகத்தி போகவில்லை. அழுகையை நிறுத்திவிட்டார். முடியும் சேலையுமாகத் தவமணியின் பக்கத்தில் வந்து நின்றார். அவருக்குத் தெரிந்த ஒரே சொல்லை அவளைக் காட்டிச் சொன்னார். "மகே." அதிகாரி நம்பவில்லை. மீண்டும் சொன்னார், "மகே." துவக்கைக் காட்டிப் போகச் சொன்னார்கள். அவர் நகரவில்லை.

அப்போது தவமணி அவரைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, சந்தைக் குரலை எடுத்தாள். அதுவும் சிங்களத்தில். "அறிவு கெட்ட மனுசா! கூறைச் சேலைய மிதிச்சுக்கொண்டு நிக்கிறியே! உன்ட அம்மா வாங்கித் தந்த சேலை! வீட்டுக்கு வா, உனக்கு இருக்குது! உழைக்கத் துப்பில்லை, முடி தைக்கச் சிலாபம் போகுது! சோத்துப் பானையில கைவைச்சா முறிப்பன்!"

முகாம் அதிர்ந்தது. அதிகாரி முதன்முதலாகச் சிரித்தார். "அடடா, இவள் மனைவிதான்" என்றார். "என் வீட்டிலும் இப்படித்தான்." இலாச்சியைத் திறந்து அட்டையைக் கொடுத்தார். இரண்டு பேரையும் போகச் சொன்னார்.

நானும் கேட்டேன் அவளிடம், "தவமணி, அந்த இடத்தில உனக்கு எப்பிடிக் கோபம் வந்தது?" என்று. அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"எனக்கெங்க டீச்சர் கோபம்? அந்த மனுசன் எனக்காக நிண்டதைப் பார்த்து நெஞ்சு நிறைஞ்சுபோயிருந்தது. ஆனா அந்தத் துரைக்கு ஒரு பொஞ்சாதி தேவைப்பட்டுது. அழுறவள், இல்லாட்டி ஏசுறவள். வேற ஒருத்தியையும் அவருக்குத் தெரியாது. அழ எனக்கு வராது. அதால ஏசிக் குடுத்தன்."

அன்பான அவையோரே! நெஞ்சு நிறைந்து நின்ற அந்தப் பெண் எந்தக் கதையில் இருக்கிறாள்? அழுகிறவளை எழுதினோம், ஆயிரம் பக்கம் எழுதினோம். அடங்காதவளை எழுதினோம், அடித்துத் திருத்துகிற மாதிரி எழுதினோம். அஞ்சாமல் அறிவாய் நின்று, அன்பை வாய்விட்டுச் சொல்லவும் வழியில்லாமல், உயிர் பிழைக்க ஏசி நடித்தவளை எங்கே எழுதினோம்? நம்மில் எவர் எழுதினார்?

கவிஞர் தலையாட்டுகிறார். ஆட்டுங்கள் கவிஞரே, இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

திருவிழா வந்தது. பிற்பகல் வெயிலில் கூத்து. சனம் குடையோடு மணலில் இருந்தது. தவமணியும் இருந்தாள். நான் திரைக்குப் பின்னே கொப்பியோடு. அரசன் மணிமார்பனாகத் தம்பிமுத்து. காட்டுக்குப் போ என்கிறான். சந்திரவதனி வருகிறாள். "என் பிழை என்ன மன்னா?" என்று கேட்கிறாள். அரசன் முகத்தைத் திருப்புகிறான். அண்ணாவியார் தாளத்தைத் தூக்குகிறார், அழுகைப் பாட்டுக்கு.

வீரகத்தி அழவில்லை.

மறந்துவிட்டாராக்கும் என்று நான் முதல் அடியை எடுத்துக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. இன்னும் சத்தமாக எடுத்துக் கொடுத்தேன், முன்வரிசைக்கே கேட்டது. அவர் வாங்கவில்லை. நிமிர்ந்து நின்றார். நேராகப் பார்த்தார். மீண்டும் கேட்டார்: "என் பிழை என்ன மன்னா?"

தம்பிமுத்து திகைத்துப்போனார். எத்தனையோ வருடமாக அந்த இடத்தில் அரசனுக்கு வசனம் இல்லை. முகத்தைத் திருப்பினால் போதும், மிச்சத்தை அவளுடைய அழுகை பார்த்துக்கொள்ளும். இப்போது அவள் அழவில்லை. முகத்தை எவ்வளவு நேரம் திருப்பி வைத்திருப்பது? மெல்லத் திரைப்பக்கம் சாய்ந்து, "டீச்சர், நான் என்ன சொல்ல?" என்று கேட்டார். நான் கொப்பியைப் பார்த்தேன். அடுத்த தாளையும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எழுதியவர் எழுதவே இல்லை. அப்படி ஒரு தேவை வரும் என்று அவர் நினைக்கவே இல்லை.

அண்ணாவியார் பல்லைக் கடித்து, "அழடா! அழடா!" என்றார். முன்னே இருந்த ஆம்பிளைகள், "இதென்ன பொம்பிளை, மரம் மாதிரி நிக்குது" என்றார்கள். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். யாருடையது என்று இன்றுவரை ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. "கேள் பிள்ளை! இன்னொருக்காக் கேள்!"

வீரகத்தி கேட்டார். அரசன் வியர்த்தான். பூச்சு வழிந்தது. கடைசியில் தம்பிமுத்து கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு, தன் சொந்த வாயால் ஒரு வசனம் சொன்னார்: "எனக்குத் தெரியாது பெண்ணே. மந்திரி சொன்னான், நான் விசாரிக்கவில்லை."

 பெண்கள் பக்கத்தில் குடைகள் கூட அசையவில்லை. அதற்குமேல் கதை எங்கே போகும்? காட்டுக்கு எப்படி அனுப்புவது? அண்ணாவியார் அவசரமாக மங்களம் பாடி முடித்தார்.

ஊரில் ஒரே ஏச்சு. கூத்தைக் கெடுத்துவிட்டான் என்றார்கள். தவமணி புருஷனிடம், "இனி உங்களுக்கு வேஷம் தரமாட்டானுகள்" என்றாளாம். அதுவும் சரிதான், போன வருடம் அவருக்கு வாயில்காப்போன் வேஷம்தான் கிடைத்தது. சந்திரவதனிக்கு வேறொரு பொடியனைப் பிடித்தார்கள். அவனும் நன்றாகத்தான் அழுகிறான். ஆனால் அவன் அழத் தொடங்கும்போது பெண்கள் பக்கத்தில் பார்த்தேன். மாமிமார் மருமக்களின் தோளைத் தட்டவில்லை. எல்லோரும் அரசனுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எழுதுகிறவர்களே! இந்த மேடையிலும் இந்த மாவட்டத்திலும் பேனா பிடித்திருக்கும் பெருமக்களே! பெண்ணுக்கு அழுகை எழுதியது போதும். அவளுக்கு மாண்பு எழுதியதும் போதும். மலர் என்று எழுதி, மதி என்று எழுதி, மண் என்று எழுதி, மிதித்ததும் போதும். அவள் கேட்பாள். வீட்டில் கேட்பாள், வாசலில் கேட்பாள், முகாமில் கேட்பாள், மேடையில் கேட்பாள். என் பிழை என்ன என்று நிமிர்ந்து நின்று கேட்பாள். அந்த நேரத்தில் சொல்வதற்கு, தயவுசெய்து அரசனுக்கு ஒரு வசனம் எழுதுங்கள்!

காது தந்த அவைக்கும், மணியை அடிக்காமல் தொட்டுக்கொண்டே இருந்த தலைவருக்கும், துவக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு நின்று கேட்ட பொலிஸ் தம்பிமாருக்கும் நன்றி. ஊரடங்குக்கு முன்னே எல்லோரும் வீடு போய்ச் சேருங்கள். வழியில் இறக்கிக் கேட்டால், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். வருகிறேன், வணக்கம்.